பனிப் பிரதேசத்தில் வேலி: கம்பத்தின் குழியைக் கவனியுங்கள்

வினைல் (பி.வி.சி. பிளாஸ்டிக்) வேலி சாய்ந்துவிட்டால் பலரும் பலகையைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் குழியில் இருக்கிறது. மண்ணின் ஈரம் உறைந்து பனிக்கட்டியாகத் திரளும்போது கம்பத்தை மேலே தள்ளும். உங்கள் பகுதியில் மண் எவ்வளவு ஆழம்வரை உறையும் என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு, அதற்கும் கீழே குழியை இறக்குங்கள். குழியின் அடி அகலமாகவும் வாய் குறுகலாகவும் இருக்க வேண்டும். கம்பத்தைச் சுற்றிக் குழியில் ஊற்றும் கான்கிரீட் மேலே அகன்றிருந்தால், உறைந்த மண் அதை இறுகப் பற்றித் தூக்கிவிடும். தண்ணீர் வடிய அடியில் ஜல்லி போடுங்கள்.

வினைல் குளிரில் சுருங்கும், வெயிலில் நீளும். குறுக்குச் சட்டத்தைக் கம்பத்துக்குள் முட்டும்வரை செருகாதீர்கள். முனையில் கால் அங்குலமாவது இடம் விடுங்கள். இதைத் தவறவிட்டால் கோடையில் சட்டம் வில்லாக வளையும்.

கடுங்குளிரில் வினைல் விறைத்துவிடும். பனி அள்ளும் மண்வெட்டி ஓங்கிப் பட்டாலே விரிசல் விழக்கூடும். நடைபாதை ஓரமாக வேலி போடுபவர்களுக்கு, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த காம்போசிட் பலகையையே நான் சொல்வேன். விலையும் எடையும் கூடுதல், ஆனால் அடி தாங்கும். எந்தப் பலகையானாலும் தரையிலிருந்து 2 அங்குலம் உயர்த்திப் பொருத்துங்கள்.