பிள்ளையின் கேள்வியோடு ஒரு வாரம்: தவணை விடுமுறையில் வீட்டில் படிக்கும் வழி

தவணை விடுமுறை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் பெற்றோருக்குத் தோன்றும் முதல் யோசனை ரியூசன். வேறொரு வழியும் இருக்கிறது: ஒரு வாரத்துக்குப் பிள்ளை கேட்கிற கேள்வியையே பாடமாக எடுத்துக்கொள்வது. இதற்காகப் பள்ளிக்கூடத்தை விட வேண்டியதில்லை. இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்விதான். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டிலும் இதைச் செய்யலாம். நாங்கள் செய்கிறோம்.

படி 1: நேரம் பிடிப்பது (ஞாயிறு இரவு)

எல்லாருமாக இருந்து, யார் எப்போது வீட்டில் நிற்பார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதில் நாளுக்கு ஒரு மணித்தியாலம் தேடுங்கள். எங்களுக்குப் பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகுதான் அது கிடைக்கும். எட்டு மணிக்குக் கணிதம், ஒன்பது மணிக்கு ஆங்கிலம் என்று அட்டவணை போடாதீர்கள். செவ்வாய்க்கிழமையே எல்லாரும் களைத்துப் போவீர்கள்.

அந்த வாரம் ரியூசனையும் நிறுத்துங்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போகிற பிள்ளை என்றால் மனம் பதறும், எனக்கும் தெரியும். ஆனால் நாள் முழுக்க வகுப்பில் இருந்துவிட்டு வருகிற பிள்ளைக்குக் கேள்வி கேட்கத் தெம்பு எங்கே இருக்கும்?

படி 2: கேள்வி சேர்ப்பது (திங்கள்)

ஒரு கொப்பியையும் பென்சிலையும் குசினிக்குள் கட்டித் தொங்கவிடுங்கள். பிள்ளை எதைக் கேட்டாலும் பக்கத்தில் நிற்பவர் எழுத வேண்டும். பதில் சொல்லக்கூடாது. அம்மம்மா, அப்பப்பாவுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பேரப்பிள்ளை கேட்டால் அவர்களால் சும்மா இருக்க முடியாது. "நீ என்ன நினைக்கிறாய், ராசா?" என்று திருப்பிக் கேட்டால் போதும்.

எங்கள் கொப்பியில் இப்படி விழுந்தன: சில பனையில் ஏன் நுங்கே வாறதில்லை? பின்னேரச் சந்தையில் மரக்கறி ஏன் மலிவு? எங்கட கிணத்துத் தண்ணி நல்லா இருக்குது, மாமி வீட்டுத் தண்ணி ஏன் சவர்? வாய் திறந்து கேட்காத பிள்ளைகளும் உண்டு. அவர்களைத் துருவாமல், என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். வேலியோரம் எறும்புக்குச் சீனி வைத்துக் காத்திருக்கும் பிள்ளை எதையோ தேடிக்கொண்டுதான் இருக்கிறது.

இரவு பிள்ளையே ஒன்றைத் தெரிவு செய்யட்டும். நீங்கள் வேறொன்றை ஆசைப்பட்டிருந்தாலும் அதுதான் முடிவு.

படி 3: கையால் தேடுவது (செவ்வாய் முதல் வியாழன் வரை)

எங்கள் மூத்தவன் கிணற்றை எடுத்தான். அதையே உதாரணமாகச் சொல்கிறேன்.

செவ்வாய்: இரண்டு வீட்டுத் தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆற்றி, ருசி பார்த்து எழுதச் சொல்லுங்கள். கடல் எந்தப் பக்கம், எந்த வீடு கடலுக்குக் கிட்ட என்று பிள்ளை ஒரு படம் கீறட்டும்.

புதன்: ஒரு லீற்றர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரையுங்கள். தராசு இல்லையென்றால் மேசைக்கரண்டியால் இரண்டு. கடலின் உப்பு கிட்டத்தட்ட இவ்வளவுதான். பீற்றூட் சாறு விட்டு நிறமாக்கி, கண்ணாடிக் குவளையில் பாதிக்கு ஊற்றுங்கள். கரண்டியின் முதுகு தண்ணீரைத் தொடும்படி பிடித்து, அதன்மேல் நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். அவசரப்படாவிட்டால் கீழே சிவப்பு, மேலே தெளிவு என்று இரண்டு படையாக நிற்கும். அப்புறம் மேற்படையில் ஸ்ரோ வைத்து உறிஞ்சச் சொல்லுங்கள். உறிஞ்ச உறிஞ்ச மேற்படை மெலிந்து, கடைசியில் சிவப்பு வந்து சேரும்.

நம் நிலத்துக்கடியிலும் இதுதான் நடக்கிறது. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு நமக்கு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உப்பு நீருக்கு மேலே மிதக்கிறது. கரைப்பக்கம் அந்தப் படை மெல்லியது. மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். இதை நீங்கள் முதலில் சொல்லிவிடாதீர்கள். குவளையைப் பார்த்துவிட்டுப் பிள்ளை எதைச் சொல்கிறது என்று காத்திருங்கள்.

வியாழன்: பெரிய பிள்ளை என்றால் ஒரு கணக்கு. ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் 1 கிலோ, கடல்நீர் ஏறத்தாழ 1.025 கிலோ. இரண்டுக்கும் வித்தியாசம் 0.025. 1ஐ அந்த 0.025ஆல் பிரித்தால் 40. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்று சொல்வது இதை வைத்துத்தான். தசமம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

தங்கச்சியையும் இதிலேயே இழுக்க வேண்டாம். அவள் வாளிக்குள் எது மிதக்கும், எது தாழும் என்று பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

விளங்காத இடம் வந்தால் யாழ் பொது நூலகத்துக்குப் போங்கள். 1981இல் அது எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்ததைப் பற்றிப் பிள்ளை கேட்கக்கூடும். வயதுக்கு ஏற்றபடி உண்மையையே சொல்லுங்கள். கொப்பியில் அதுவும் ஒரு கேள்வியாகச் சேரும்.

படி 4: சொல்லிக் காட்டுவது (வெள்ளி)

பரீட்சை வேண்டாம். கண்டுபிடித்ததை அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். அவர் குறுக்கே கேட்பார், அதுவே போதும். அன்றிரவு நீங்கள் மட்டும் மூன்று வரி எழுதி வையுங்கள்: விஞ்ஞானத்தில் எது, கணிதத்தில் எது, தமிழில் எது. "வாரம் வீணாய்ப் போச்சோ" என்ற பயம் வரும்போது எடுத்துப் பார்க்க.

படி 5: நேரே பார்ப்பது (சனி)

தண்ணீரைத் தேடிய பிள்ளையைப் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றுக்குக் கூட்டிப் போங்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. அல்லது கடலோடு ஒட்டியிருக்கும் கீரிமலை நன்னீர்க் கேணிக்கு. இரண்டு இடத்திலும் சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பனையைக் கேட்ட பிள்ளைக்குத் தூரம் தேவையில்லை: ஆண் பனை, பெண் பனை எது என்று பக்கத்து வளவிலேயே காட்டலாம்; நுங்கு பெண் பனையில்தான்.

போன இடத்தில் புதுக் கேள்வி வந்தால் கொப்பியில் ஏற்றுங்கள். பள்ளிக்கூடம் தொடங்கின பிறகும் கொப்பியைக் குசினியிலேயே விட்டுவிட்டு, சனிக்கிழமையில் அந்த ஒரு மணித்தியாலத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.