பழவேற்காட்டில் கடற்புல் டி.என்.ஏ. மாதிரி எடுப்பது எப்படி?

சென்னைக் கடற்கரையில் அலை ஓங்கி அடிக்கும். மணல் ஓரிடத்தில் நிற்காது. கடற்புல் வேர்விட வழியில்லை. பக்கத்தில் கிடைப்பது பழவேற்காடு ஏரிதான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றே மாதிரி எடுக்கலாம். அது பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஓர் இலையும் பறிக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் போய்விடுங்கள். ஆரணியாறும் காளங்கியும் வெள்ளம் கொண்டுவந்தால் ஏரி கலங்கித் தரையே தெரியாது.

மாதிரி எடுப்பதில்தான் பல ஆய்வுகள் கெட்டுப்போகின்றன. கடற்புல் பாசி அல்ல, பூக்கும் தாவரம். ஆனால் விதையைவிட, மண்ணுக்குள் ஓடும் மட்டநிலத்தண்டால்தான் அதிகம் பரவும். நூறு குருத்துகள் ஒரே செடியாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் 180 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே செடி படர்ந்திருப்பதை 2022-ல் மரபணு மூலம் கண்டார்கள். ஆகவே கண்ணில் பட்ட கொத்தை அள்ளாதீர்கள். குறைந்தது 5 மீட்டர் இடைவெளி விட்டு 30 முதல் 50 இடங்களில், இடத்துக்கு ஒரு தண்டு மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஜி.பி.எஸ். குறியுங்கள்.

இங்குள்ள கடற்புல் இனங்களைக் கலந்துவிடாதீர்கள். ஹாலோஃபிலா ஓவாலிஸில் கணுவுக்கு இரண்டு முட்டை வடிவ இலைகள் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் குறுக்கு நரம்புகள் தெரியும். ஹாலோஃபிலா பெக்காரியில் மெல்லிய தண்டின் நுனியில் சிறு ஈட்டி இலைகள் கொத்தாக நிற்கும். குறுக்கு நரம்பு கிடையாது. பின்னது உலக அளவில் அழியும் ஆபத்துள்ள இனம், அளந்து எடுங்கள். இலைகள் சிறியவை என்பதால் ஒரு மாதிரிக்குப் பல இலைகள் தேவைப்படும். எல்லாம் ஒரே தண்டில் வந்தவையாக இருக்க வேண்டும்.

இளம் இலைகளையே எடுங்கள். முதிர்ந்த இலைமேல் படியும் பாசியும் டயட்டம் என்ற நுண்பாசியும் தங்கள் டி.என்.ஏ.வையும் சேர்த்துவிடும், ஆர்.பி.சி.எல். என்ற மரபணுவைப் பெருக்கப் பயன்படும் பிரைமர் (சிறு டி.என்.ஏ. துண்டு) அதையும் பெருக்கிவிடும். பிளேடின் மழுங்கிய பக்கத்தால் இரு புறமும் வழித்து, நன்னீரில் சட்டென்று அலசி, டிஷ்யூவில் ஒற்றுங்கள். உப்பு தங்கினால் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். தடைபடும்; ஊறவிட்டாலோ செல் சேதமாகி டி.என்.ஏ. சிதையும்.

காகித உறையில் இட்டு, இலையின் எடையைப்போல் 10 மடங்கு நீல சிலிக்கா ஜெல்லோடு ஜிப் பையில் மூடுங்கள். சென்னைப் புழுக்கத்தில் ஜெல் சீக்கிரமே இளஞ்சிவப்பாகும், உடனே மாற்றுங்கள். ஒரு நாளில் இலை மடித்ததும் படக்கென ஒடிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஈரம் இருந்தால் இலை பழுப்பேறி, அதிலுள்ள பினால் சேர்மங்கள் டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும். டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் சி.டி.ஏ.பி. கரைசலில், பினாலைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி. என்ற பொருளை 2 சதவீதம் சேர்ப்பது இதற்காகத்தான்.

மைக்ரோசாட்டிலைட் (செடிக்குச் செடி நீளம் மாறும், திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. பகுதி) சோதனை முடிவு வந்ததும் தனி மரபணு வகைகளை எண்ணுங்கள். 30 மாதிரியில் 12 வகை என்றால், (12−1)÷(30−1) = 0.38. பூஜ்யத்தை நெருங்கினால் படுகை முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே செடி.

மறுநடவுக்கு இந்த எண் மிகவும் முக்கியம். 2003-ன் கடும் வெப்பத்தில், பால்டிக் கடலில் பல மரபணு வகைகள் கலந்து நட்ட ஜோஸ்டெரா என்ற கடற்புல்லின் பாத்திகள், ஒரே வகைப் பாத்திகளைவிட நன்றாகத் தேறின. நாற்றை ஏரியின் பல திட்டுகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். பாக் விரிகுடாவிலிருந்து கொண்டுவந்து நடாதீர்கள். பழவேற்காட்டில் உப்பு மழைக்காலத்தில் சரிந்து கோடையில் ஏறும்; வெளியிலிருந்து வரும் செடி அதற்குப் பழகியிருக்காமல் போகலாம்.