மலையில் இரண்டு நாள் சைக்கிளும் சமையலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறு நண்பர்கள், மலையில் ஒரு வாடகை வீடு, பகலில் சைக்கிள், இரவில் கூடிச் சமையல். இதில் நேரும் தவறுகளில் பாதிக்குமேல் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. போகிற பாதையை ஒருவர் முடிவு செய்கிறார், சாப்பாட்டை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து நேரம் போடுவதில்லை. பகலில் மிதித்துக் களைத்த அதே ஆறு பேர்தான் மாலையில் வெங்காயம் நறுக்கப்போகிறார்கள். அதனால் சவாரியும் சமையலும் ஒரே கணக்கு.

கிலோமீட்டரை வைத்து நாளைத் திட்டமிடுவது

"ஐம்பது கிலோமீட்டர்தானே" என்பது சமவெளிப் பேச்சு. மலையில் பார்க்க வேண்டியது மொத்த ஏற்றம். வாரம் ஓரிரு முறை மிதிப்பவர் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் உயரம் ஏறுவார். பாதையில் மொத்தம் 1,200 மீட்டர் ஏற்றம் இருந்தால் அதற்கே மூன்று மணி நேரம். இறக்கத்துக்கும் சமதளத்துக்கும் ஒன்று, நிற்பதற்கும் சாப்பிடுவதற்கும் பஞ்சருக்கும் ஒன்றரை. ஆக, ஐந்தரை மணி நேரம்.

காலை 11 மணிக்குக் கிளம்பினால் திரும்பும்போது நாலரை. ஒரே குளியலறையில் ஆறு பேர் குளித்து முடிக்க ஒரு மணி நேரம். பருப்பு வகை எதையும் ஊறப்போடவில்லை என்றால் சாப்பாடு எட்டரைக்குத்தான். பள்ளத்தாக்கில் வெயில் முகட்டுக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கைத் தட்டிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஏழு மணிக்குச் சாப்பிட வேண்டுமென்றால் ஐந்தரைக்கு அடுப்பு எரிய வேண்டும், நாலு மணிக்கு எல்லாச் சைக்கிளும் வாசலில் இருக்க வேண்டும். அப்படியென்றால் காலை பத்தரைக்கு மேல் கிளம்ப முடியாது. கொண்டைக்கடலை, ராஜ்மா போன்றவற்றை அதற்கு முன்பே தண்ணீரில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் மிதிக்கிற நேரத்தில் அவை ஊறிக்கொண்டிருக்கும்.

கியரைக் கணக்குப் பார்க்காமல் ஏறுவது

ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் உடனே உடலைக் குறை சொல்கிறோம். பல நேரம் குறை பல்சக்கரத்தில் இருக்கிறது. 75 கிலோ எடையுள்ள ஒருவர், சைக்கிளும் பையும் சேர்த்து 90 கிலோ. சரிவு 8 சதவீதம். முன்னால் 36 பல், பின்னால் 28 பல் என்றால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே வேகம் 10 கி.மீ.யை நெருங்கும், அதற்கு 200 வாட்டுக்கு மேல் சக்தி வேண்டும். முன்னால் 34, பின்னால் 34 இருந்தால் அதே 60 சுற்றுக்கு வேகம் ஏழரை கி.மீ.தான். 160 வாட் போதும். 36-28 அமைப்பில் பத்து நிமிடத்தில் கால் வெந்துவிடும், 34-34 அமைப்பில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே ஏறலாம். கியர் போதாமல் 40, 45 சுற்றில் அழுத்தி மிதிப்பவரின் முழங்கால் மறுநாள் காலையில் பதில் சொல்லும். பின்பக்கப் பல்சக்கரங்களின் தொகுப்பான கேசட்டைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றி, ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் இரவு மாற்றினால் செயின் நீளமும் கியர் வரிசையும் சரியாக இருக்கின்றனவா என்பது ஏற்றத்தில்தான் தெரியவரும்.

சைக்கிளைக் காரில் கிடத்தும் விதம்

பலரும் யோசிக்காத தவறு இது, ஆனால் சவாரியையே நிறுத்திவிடக்கூடியது. கியர் மாற்றும் பின்பக்கக் கருவியைச் சட்டத்தோடு இணைப்பது ஹேங்கர் என்ற சிறிய அலுமினியத் துண்டு. செயின் பக்கம் கீழே இருக்கும்படி சைக்கிளைக் கிடத்தி, மேலே பெட்டிகளை அடுக்கினால் அது உள்பக்கம் வளையும். சமதளத்தில் எதுவும் தெரியாது, கியர் கொஞ்சம் கரகரக்கும், அவ்வளவுதான். செங்குத்தான ஏற்றத்தில் மிகச் சிறிய கியருக்கு மாற்றும்போது கருவி சக்கரக் கம்பிக்குள் புகுந்து, கருவியும் கம்பியும் சேர்ந்தே முறியும். வந்து இறக்கியதும் சைக்கிளுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேலுள்ள பல்சக்கரத்தோடு ஒரே நேர்கோட்டில் தொங்க வேண்டும். சாய்ந்திருந்தால் அந்தக் கியருக்குப் போகாதீர்கள். உங்கள் மாடலுக்குப் பொருந்தும் மாற்று ஹேங்கர் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். ஒருவருடையது இன்னொருவருக்குப் பொருந்துவது அரிது.

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றினால், டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பேட்களுக்கு நடுவே ஒரு மடித்த அட்டையைச் செருகுங்கள். வழியில் யாராவது பிரேக் பிடியை அழுத்திவிட்டால் பேட்கள் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் உள்ளே நுழையாது.

சமையல் எண்ணெய்ப் பாட்டிலைச் சக்கரங்களோடு சேர்த்து வைக்கவே வைக்காதீர்கள். டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பேட் அதை உறிஞ்சிக்கொள்ளும். பிரேக் கத்தும், ஆனால் பிடிக்காது. டிஸ்க்கை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைக்கலாம், எண்ணெய் ஊறிய பேட்டை மாற்றத்தான் வேண்டும். செயினுக்கு ஸ்பிரே அடிப்பதும் இதே ஆபத்து. சொட்டுச் சொட்டாக விட்டுத் துணியால் துடையுங்கள்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வருவது

பயத்தில் எல்லோரும் செய்வது இது. சக்கரத்தின் வெளிவளையமான ரிம்மைப் பிடிக்கும் ரிம் பிரேக்கில் தொடர்ந்து உரசினால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். டிஸ்க்கில் பேட் மினுமினுத்துப் பிடிமானம் போகும், உள்ளே திரவம் கொதித்தால் பிடி கைப்பிடி வரை அமுங்கிவிடும். வளைவுக்கு முன் நேரான பகுதியிலேயே இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு முழுதாக விடுங்கள். அந்த இடைவெளியில்தான் காற்று அதைக் குளிர்விக்கிறது. பேட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் புறப்படும் முன்பே மாற்றிவிடுங்கள்.

உச்சியில் வியர்த்த சட்டையோடு இறங்குவதும் தவறு. 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி குளிர் கூடுகிறது, அதோடு இறக்கக் காற்றும் சேர்கிறது. விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது. உலர்ந்த உள்சட்டை, காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், முழுவிரல் கையுறை மூன்றும் ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும்.

கடைசியாக ஏறி வருபவர் மேலே வந்ததும் மற்றவர்கள் கிளம்புவது நண்பர்கள் குழுவில் அடிக்கடி நடக்கிறது. எல்லோரும் ஓய்வெடுத்தாயிற்று, மிகவும் களைத்தவருக்கு மட்டும் ஓய்வு இல்லை. அவர் வந்து பத்து நிமிடம் கழித்தே கிளம்புங்கள்.

கீழே சமைத்தது போலவே மேலே சமைப்பது

உயரம் 300 மீட்டர் கூடக்கூடத் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். 2,000 மீட்டரில் 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் அதற்குமேல் சூடாகாது, வற்றத்தான் செய்யும். அரிசி நடுவில் விறைப்பாக நிற்பதும் கடலை இரண்டு மணி நேரம் கழித்தும் கடிபடாமல் கிடப்பதும் இதனால்தான். வாடகை வீட்டில் என்ன இருக்கும் என்று நம்பாமல் ஐந்து லிட்டர் பிரஷர் குக்கரை எடுத்துச் செல்லுங்கள். அதற்குள் இந்த உயரத்திலும் 115 டிகிரி தாண்டும். பாத்திரத்தில் வேகவைப்பதானால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி, மூடியின் மேல் எடை வைத்து, நேரத்தையும் கால் பங்கு கூட்டுங்கள்.

ராஜ்மாவில் தனிக் கவனம் வேண்டும். அரைவேக்காட்டில் அது வயிற்றைக் கடுமையாகக் கெடுக்கும் நச்சுப்புரதத்தோடு இருக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் முழுதாக வேகவைக்கவும்.

அளவிலும் தவறுகிறோம். வழக்கமாக ஒருவருக்கு 80 கிராம் அரிசி போடும் கை, மலையேறி வந்த நாளில் 125 கிராம் போட வேண்டும். ஆறு பேருக்கு 750 கிராம் அரிசி, 350 கிராம் பருப்பு. வந்தவுடன் வாழைப்பழம், ரொட்டி, பால் என்று ஏதாவது மேசையில் தயாராக இருந்தால் சமைப்பவர் நிதானமாகச் சமைப்பார், பசியில் யாரும் உப்பை இருமுறை போடமாட்டார்கள்.

மிஞ்சிய சோற்றை இரவு முழுக்கப் பாத்திரத்திலேயே விட்டு, காலையில் கட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். அதில் வளரும் ஒருவகைக் கிருமியின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். கூடாரத்தில் தங்குவோருக்கு ஒன்று: எவ்வளவு குளிரடித்தாலும் அடுப்பை உள்ளே பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, தூங்குபவர் எழுவதில்லை.

பெரிய சவாரியும் பெரிய விருந்தும் ஒரே நாளில்

முதல் நாள் நீண்ட பாதை என்றால் அன்றிரவு குக்கரில் ஒரே ஏற்றாக முடிகிற உணவு போதும். நறுக்கி, வதக்கி, நாலு வகை செய்கிற சமையலை இரண்டாம் நாள் மதியத்துக்கு வையுங்கள். அன்று காலை இருபது கிலோமீட்டர் சுற்றிவிட்டுப் பத்து மணிக்குள் திரும்பினால் கையும் மனமும் ஓய்வாக இருக்கும். வண்டி ஓட்டி ஊர் திரும்புபவருக்குச் சாப்பிட்ட பின் அரை மணி நேரத் தூக்கம் கொடுங்கள். மற்றவர்கள் பாத்திரம் கழுவி, சைக்கிள்களை ஏற்றட்டும்: செயின் பக்கம் மேலே, பேட்களுக்கு நடுவே அட்டை, எண்ணெய்ப் பாட்டில் முன்சீட்டின் காலடியில்.