ஓதம் பார்த்துக் கடலோர நடையும் கயாக் பயணமும்: லிண்டிஸ்ஃபார்ன் தீவை வைத்து ஒரு செய்முறை

இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துக் கரையை ஒட்டிய லிண்டிஸ்ஃபார்ன் தீவு நாளொன்றுக்கு இருமுறை கடலால் துண்டிக்கப்படுகிறது. நீர் வற்றியிருக்கும் வேளையில் தார்ச்சாலை வழியே வாகனத்திலோ, கம்பங்கள் நட்ட மணல்வெளி வழியே ஏறக்குறைய 5 கி.மீ. நடந்தோ அங்கு செல்லலாம். ஓதக் கணக்கை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் கணக்கைப் பழகுவதற்கு இதைவிடத் தெளிவான இடம் அரிது.

முதலில், செல்லும் தேதிக்குரிய ஓத அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓதம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்துவதால் நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருந்தால் கோடைக்காலத்தில் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்து நிலவைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்து நீர் மிக உயர்ந்து ஏறி, மிகத் தாழ்ந்து வற்றும். அஷ்டமியை ஒட்டி இந்த வேறுபாடு குறையும். தொடக்கநிலையாளர் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் செல்லும் பயணத்துக்கு அஷ்டமியை ஒட்டிய நாட்களைத் தேர்வதே நல்லது (பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் வேறு காரணத்துக்காக முகம் சுளிக்கலாம்).

மூன்றாவதாக, பன்னிரண்டில் ஒரு பங்கு என்னும் கணக்கைப் போடுங்கள். தாழ்நீர் 0.6 மீட்டர், உயர்நீர் 4.8 மீட்டர் என்று கொண்டால் வேறுபாடு 4.2 மீட்டர், அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு 0.35 மீட்டர். நீர் ஏறும் 6 மணி நேரத்தில் மணிக்கு முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்கு உயரும். முதல் ஒரு மணி நேரத்தில் 35 செ.மீ. மட்டுமே ஏறுவதைக் கண்டு அலட்சியமாக இருப்பவர், மூன்றாம் மணி முடியும்போது 2.1 மீட்டர் உயர்ந்துவிட்ட நீருக்குள் நிற்பார். இது தோராயக் கணக்கே. கரைநோக்கி வீசும் பலத்த காற்றும் தாழ்ந்த காற்றழுத்தமும் நீரை மேலும் உயர்த்தும்.

நடப்பவர்கள் நேரத்தைப் பின்னிருந்து முன்னாகக் கணக்கிட வேண்டும். நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே புறப்பட்டு, தாழ்நீர் நேரத்துக்குள் மறுகரை சேர்வதே முறை. சேற்றில் கால் புதைந்து நடை தளரும் என்பதால் 5 கி.மீ.க்கு 2 மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். உள்ளூராட்சி வெளியிடும் பாதுகாப்பான கடக்கும் நேரம் சாலையில் செல்லும் வாகனங்களுக்கானது. மணல்வழியை அதே நேரத்தில் கடந்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. வழியில் தூண்கள்மீது நிற்கும் அடைக்கலக் கூண்டுகள் சிக்கியவர்களுக்கானவை, இளைப்பாறும் இடங்களல்ல.

கயாக் செலுத்துவோருக்கு நீரின் உயரத்தைவிட ஓட்டமே முக்கியம். உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் நடுவிலுள்ள 2 மணி நேரத்தில் நீரோட்டம் பொதுவாக மிக வலுவாக இருக்கும். குறுகலான துறைமுக வாய்களில் அது இன்னும் விரைவுபடும். வற்றும் நீர் கிழக்கே கடலுக்குப் பாயும்போது கிழக்குக் காற்று எதிரே வீசினால் அலைகள் குறுகிச் செங்குத்தாக எழும். அத்தகைய நாளில் பயணத்தைத் தள்ளிவையுங்கள். மற்ற நாட்களில், திரும்பும் வழியில் ஓட்டம் உங்களுக்குச் சாதகமாக அமையுமாறு புறப்படும் நேரத்தை வையுங்கள்.

திரும்பும் நேரத்தைக் கரையிலுள்ள ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். கைபேசியை நீர்புகா உறையிலிட்டுப் படகின் பெட்டிக்குள் வைக்காமல் உடலோடு கட்டிக்கொள்ளுங்கள். ஆபத்தில் 999 எண்ணை அழைத்துக் கடலோரக் காவலரைக் கேட்க வேண்டும்.