கேசட்டில் அடைபட்டிருந்த குரல்

பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் காபிக்கடைப் பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1958இல் தொடங்கிய கிளப் 47 என்ற காபிக்கடையில், நாட்டார் பாடகி ஜோன் பயேஸ் இளம் வயதில் பாடினார். அதன் வழிவந்த பாசிம் என்ற பாட்டரங்கம், பாமர் தெருவில் இன்றும் நடக்கிறது. பெரிய நிறுவனம் எதுவும் தேடி வராத பாடகர்கள் தாங்களே கேசட் பதிந்து மேடையோரம் விற்பார்கள். அப்படி ஒன்று பழைய சாமான் விற்பனையில் எனக்குக் கிடைத்தது.

போட்டுப் பார்த்தால் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. இடது பக்கம் விட்டுவிட்டுக் கேட்டது. கேசட் டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்தேன், பயனில்லை. அப்புறம் கேசட்டின் வாய்ப்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சுத் துண்டு, பசை காய்ந்து விழுந்திருந்தது. மெல்லிய தகடு மட்டும் மொட்டையாக நின்றது.

ஐந்து ஸ்குரூ போட்ட வேறொரு கேசட்டைக் காலிசெய்து, சுருள் இரண்டையும் அதற்குள் மாற்றினேன். கூட்டை மேசையில் கிடத்தியே திறக்க வேண்டும். தூக்கினால் சுருள் அவிழ்ந்துவிடும்.

இன்னும் கொஞ்சம் மங்கல். ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் சின்ன ஸ்குரூவை, இடது வலது இரண்டையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்டபடி மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். கிதார் கம்பி பளிச்சென்று கேட்ட இடத்தில் நிறுத்தினேன்.

கணினியில் 24 பிட் வேவ் ஒலிக்கோப்பாக ஏற்றியாயிற்று. இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் தொடவில்லை. இரண்டாம் பாட்டின் நடுவே யாரோ சாசரில் கரண்டி வைக்கிறார்கள். பாடகி சிரித்துவிட்டுத் தொடர்கிறார். அது எனக்கு வேண்டும்.