கெமிக்கல் ஈக்குவேஷன் பேலன்ஸ் பண்றப்ப தனியா நிக்கிற தனிமத்த கடைசில தொடுங்க

பாதி பேர் குத்துமதிப்பா நம்பர் போட்டு போட்டு பாக்குறாங்க, கார்பன் சரியாச்சுன்னா ஆக்சிஜன் இடிக்கும், அத சரி பண்ணா ஹைட்ரஜன் போயிடும், அழிச்சு அழிச்சு பேப்பரே ஓட்டையாயிடும். எத முதல்ல தொடணும், எத கடைசில தொடணும்னு தெரிஞ்சிட்டா இந்த அவஸ்தையே இல்ல.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. ஃபார்முலாவுக்கு முன்னாடி எந்த நம்பர் வேணா போடுங்க, உள்ள கீழ சின்னதா இருக்கிற நம்பர்ல மட்டும் கை வைக்காதீங்க. ஆக்சிஜன் ஒண்ணு குறையுதேன்னு தண்ணியோட ஃபார்முலால ஆக்சிஜனுக்குக் கீழ 2 போட்டா அது தண்ணி இல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு, புண்ணுல ஊத்தினா நுரை பொங்குமே அந்த சமாச்சாரம்.

இப்ப பியூட்டேன் எரியறத எடுத்துக்குவோம், நம்ம கேஸ் சிலிண்டர்ல புரொப்பேன் கூட கலந்து வர்றது. பியூட்டேன் + ஆக்சிஜன் → கார்பன் டை ஆக்சைடு + தண்ணி. ஒரு பியூட்டேன்ல கார்பன் 4, ஹைட்ரஜன் 10. கார்பன் ஒரே இடத்துக்குத்தான் போகுது, அதனால கார்பன் டை ஆக்சைடுக்கு முன்னாடி 4. ஹைட்ரஜனும் அப்படித்தான், தண்ணிக்கு 5. ஆக்சிஜன இதுவரைக்கும் தொடவே இல்ல பாருங்க, ஏன்னா அது தனி ஆளா நிக்குது, அதுக்கு முன்னாடி எந்த நம்பர் போட்டாலும் வேற எதுவும் கலையாது. வலது பக்கம் எண்ணினா 8 + 5 = 13 ஆக்சிஜன் அணு, ஆனா ஆக்சிஜன் ஜோடி ஜோடியாத்தான் வரும், அப்ப ஆறரை. பயப்படாம ஆறரைன்னே எழுதிட்டு கடைசில எல்லாத்தையும் 2ஆல பெருக்குங்க: 2, 13, 8, 10. முடிஞ்சுது.

சரியான்னு எடைய வச்சு பாக்கலாம், அணு எடை கார்பன் 12, ஹைட்ரஜன் 1, ஆக்சிஜன் 16. 116 கிராம் பியூட்டேன், 416 கிராம் ஆக்சிஜன், மொத்தம் 532. அந்தப் பக்கம் 352ம் 180ம், அதுவும் 532. (14.2 கிலோ சிலிண்டர் முழுக்க பியூட்டேன்னு வச்சுக்கிட்டா எரிஞ்சு முடியறதுக்குள்ள கிட்டத்தட்ட 22 கிலோ தண்ணி ஆவியா வெளிய வந்திருக்கும், உள்ள இருந்த கேஸ விட ஜாஸ்தி! மிச்ச எடை காத்துல இருந்த ஆக்சிஜனோடது.)

எல்லாரும் பாத்து மிரள்ற பொட்டாசியம் பர்மாங்கனேட், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கணக்குக்கும் இதே வழிதான். பர்மாங்கனேட் + ஆசிட் → பொட்டாசியம் குளோரைடு + மாங்கனீஸ் குளோரைடு + தண்ணி + குளோரின். இங்க தனியா நிக்கிறது குளோரின் வாயு, அத கடைசிக்கு விடுங்க. பர்மாங்கனேட்ல ஆக்சிஜன் 4, அப்ப தண்ணி 4, அதுக்கு ஹைட்ரஜன் 8 வேணும், ஆசிட் 8. குளோரின் 8ல பொட்டாசியம் குளோரைடுக்கு 1, மாங்கனீஸ் குளோரைடுக்கு 2 போக மிச்சம் 5, அதாவது ரெண்டரை குளோரின் வாயு. 2ஆல பெருக்கினா 2, 16 → 2, 2, 8, 5.

சல்பேட், நைட்ரேட் மாதிரி கொத்தா வர்றது ரெண்டு பக்கமும் உடையாம இருந்தா கொத்தாவே எண்ணிக்கலாம். தாமிரத்துல நீர்த்த நைட்ரிக் ஆசிட் ஊத்துறப்ப மட்டும் நைட்ரேட் கொஞ்சம் அப்படியே நிக்கும், கொஞ்சம் உடைஞ்சு நைட்ரிக் ஆக்சைடா போயிடும், அங்க ஆக்சிஜனேற்ற எண் முறைக்கு, அதாவது எது எத்தனை எலக்ட்ரான் குடுக்குது, எது வாங்குதுன்னு கணக்கு பாக்குற வழிக்குப் போறதுதான் நிம்மதி. தாமிரம் + நைட்ரிக் ஆசிட் → தாமிர நைட்ரேட் + நைட்ரிக் ஆக்சைடு + தண்ணி, விடை 3, 8 → 3, 2, 4 வரணும், போட்டுப் பாருங்க.