முட்டி வலியோடு ஓடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள். ஏறும்போது பேசாத முட்டி, இறங்கும்போது பேசும். எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. பினாங்குப் பாலத்து மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, வாரம் 12 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன் மூன்றே வாரத்தில் 30-க்குத் தாவினேன். நெஞ்சும் மூச்சும் சீக்கிரம் பழகிவிடும். தசைநாருக்கும் குருத்தெலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

வலி எங்கே என்று பாருங்கள். ஒரு விரலால் காட்ட முடியாமல் உள்ளங்கையால் முட்டிச்சில்லை மூடிக் காட்டுகிறீர்களா? படி இறங்கும்போதும், சினிமா பார்த்துவிட்டு எழும்போதும் வலிக்கிறதா? பெரும்பாலும் அது சில்லைச் சுற்றிய வலி. வெளிப்பக்கம் ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தினால், தொடையின் வெளிப்புறமாக இறங்கிவரும் பட்டையான தசைநார் உறுத்துகிறது என்று சந்தேகிக்கலாம்.

இரண்டு வலிக்குமே இறக்கம் ஆகாது. பினாங்கு தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) போகும் ஜீப் பாதையில் ஏறுவது நல்ல பயிற்சி. ஆனால் அந்தச் செங்குத்தில் ஓடியே இறங்கினால் ஒவ்வொரு அடிக்கும் தொடைத் தசைதான் பிரேக் போட வேண்டும், பாரம் முழுக்க முட்டியில் விழும். வலி உள்ளவர்கள் ஏறிவிட்டு மலை ரயிலில் இறங்கிவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அப்புறம், வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது. தயவுசெய்து வேண்டாம். எச்சரிக்கும் வலியை அது மறைத்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் சில வலிமாத்திரைகள் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தைலம் தேய்த்தால் இதமாக இருக்கும், சரி. ஆனால் அது காரணத்தைத் தொடாது.

நேர் எதிரான தவறும் உண்டு. “ஓடினா முட்டி தேஞ்சிடும்” என்று வீட்டில் சொல்ல, அடியோடு நிறுத்திவிடுவார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் சுமார் 3.5 சதவீதம் பேருக்குத்தான் இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் அது 10 சதவீதத்தைத் தாண்டியது. ஓய்வு மட்டும் எடுத்தால் தசை இளைக்கும், திரும்ப ஓடியதும் அதே வலி வரும். பத்துக்கு இரண்டு, மூன்று அளவில் வலி இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் குறைந்த தூரம் ஓடலாம். அதற்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

புதுக் காலணிக்குப் பல நூறு ரிங்கிட் செலவழிப்பவர்கள் இடுப்பை மறந்துவிடுகிறார்கள். இடுப்பின் பக்கத் தசை தளர்ந்திருந்தால் கால் ஊன்றும்போது முட்டி உள்ளே சாயும். அடுக்குமாடிப் படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை மூன்று எண்ணும் வரை மெதுவாகக் கீழே இறக்குங்கள். கண்ணாடி முன் செய்தால் முட்டி சாய்வது தெரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்துப் பத்தாக மூன்று முறை. ஓடும்போது வேகத்தைக் கூட்டாமல் எட்டி வைக்கும் தூரத்தைச் சுருக்கி, நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் 170 வைத்துப் பாருங்கள். முட்டியின் பாரம் குறையும்.

முட்டி வீங்கினால், மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், நழுவினால், காலை ஊன்றவே முடியாவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். கடந்த இரண்டு மாதம் வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள் என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள்; கட்டாயம் கேட்பார்கள்.